கண்ணாடித் தோட்டத்தில் குளிர்

அன்புள்ள பரமு அக்கா,

உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதுகுக்கு நீ வைத்திருந்த தலையணை எனக்குப் பொருந்தவில்லை. இருந்தாலும் எடுக்கவில்லை. 'நலமா' என்று உன்னைக் கேட்கலாமா கூடாதா என்று யோசித்ததிலேயே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. என் குணம் உனக்குத் தெரியும். தீபாவளி வாழ்த்து அட்டையைக்கூட முதலில் பென்சிலால் எழுதிப் பார்ப்பவன் நான்.

நேராகச் செய்திக்கு வருகிறேன். செல்வத்தின் தோட்டத்தில் குளிர் புகுந்துவிட்டது. நீ எழுதிய நிரல் ஹீட்டரை நிறுத்திவிட்டது.

உனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பு என்று உன் தொழிற்சாலைத் தோழி காக் ரொஹானி சொல்லியிருக்கிறார். அதனால் மற்றவர்களுக்கும் புரியும்படி கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்.

அது ஒரு கணினி விளையாட்டு. காற்றே இல்லாத ஒரு செந்நிறக் கிரகம். அங்கே அறைகள் கட்டி, காற்றையும் சூட்டையும் உண்டாக்கி, செடி வளர்த்து உயிர்வாழ வேண்டும். பம்ப், ஹீட்டர், கதவு ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்று விளையாடுகிறவரே வரி வரியாகக் கட்டளை எழுதி ஒரு சின்ன சிப்புக்குள் போட வேண்டும். அதைத்தான் நிரல் என்கிறேன். நீ ஸ்கிரிப்ட் என்பாய். அந்த உலகத்தில் துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. எழுதியது சரியாக இருந்தால் மிஷின் ஓடும். தப்பாக இருந்தால் எல்லாரும் மூச்சுத் திணறிச் சாவோம்.

கூலாய்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள் நீ. கணுக்கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது எப்படியோ இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "டேய் தம்பி, இங்க வந்து பாரு. இத்தன வருஷம் மிஷின் சொன்னத நான் கேட்டேன். இந்த மிஷினு நான் சொன்னதக் கேக்குது!" என்று கூப்பிட்டாய். அன்றைக்கு என்னை உள்ளே இழுத்தவள்தான், அதன்பிறகு விடவில்லை.

நமக்குள் வேலைப் பிரிவினை தானாக அமைந்தது. நீ எழுதுவாய், நான் சரிபார்ப்பேன். நில அளவை அலுவலகத்தில் என் பிழைப்பே அதுதானே. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு கோடும் தரையில் இருக்கிறதா என்று பார்ப்பது. தரையில் இல்லாத கோட்டைச் சிவப்பு மையால் அடிப்பது. சொந்தமாக ஒரு கோடு நான் போட்டதில்லை.

உன் கருமக்கிரியை முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் செல்வம் கைப்பேசியில் கூப்பிட்டார். கெலாங் பாத்தாவில் இருந்துகொண்டு நம்மோடு விளையாடும் அந்தச் செல்வம்தான். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவர். அங்கே போகும் இரண்டாம் பாலத்துக்கு அருகே விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே பலமில்லாமல் கட்டிலில் இருப்பவர். அந்த விளையாட்டு உலகத்தில் நமக்குக் காற்று உன் பொறுப்பு, சாப்பாடு அவர் பொறுப்பு. கண்ணாடிக் கூரை போட்ட அந்தத் தோட்டத்தில் அவர் தக்காளியும் நெல்லும் பூசணியும் வளர்த்தார்.

"அங்கிள், உள்ள பனி கட்டுது அங்கிள். தக்காளியெல்லாம் கறுத்துப் போச்சு."

"ஹீட்டர் எரியுதா?"

"எரியல. சிவப்பு லைட்டு மட்டும் இருக்கு. போன வாரம் அப்டேட் வந்துச்சுல்ல, அதுலதான் அக்கா ஸ்கிரிப்ட் கெட்டிருக்கும்லா. ஊரு பூரா அதான் பேச்சு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். விளையாட்டை உருவாக்கியவர்கள் எதையோ மாற்றியிருக்கிறார்கள், பழைய நிரல்கள் பலருக்கும் ஓடவில்லை. காரணம் கையில் இருந்தது. திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை. திருத்துகிறவள் நீ.

என்ன செய்வேன் அக்கா? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார்ப்பது. முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. ஹீட்டரை நிரலிலிருந்து கழற்றிக் கையால் போட்டேன், எரிந்தது. ஆனால் கையால் போட்டால் நிறுத்துவதும் கையால்தான், இரவுபகலாக யார் பக்கத்தில் உட்காருவது? அப்படியானால் ஹீட்டரில் குறையில்லை. சூடு பார்க்கும் கருவி சரியான அளவைத்தான் காட்டியது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து நடந்தேன். வழியில் வேறு குறைகள் கண்ணில் பட்டன. மேற்குப் பக்கக் குழாயில் காற்றுக் கசிகிறது. வெளிக்கதவு மூடும்போது ஒரு நொடி தயங்குகிறது. ஒரு மின்கலம் பாதிக்கு மேல் நிரம்புவதே இல்லை. இதெல்லாம் நீ இருக்கும்போதே இருந்ததா, நீ தெரிந்தே விட்டுவைத்தாயா?

கடைசியில் மிஞ்சியது நிரல். அதைத் திறக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

திறந்தேன். நீ வைத்த பெயர்கள் வரிசையாக வந்தன. அந்த விளையாட்டு ஆங்கில எழுத்தைத்தான் ஏற்கும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். சூடு, காத்து, தண்ணி. சத்தம் ஓயாத அந்தப் பழைய பம்புக்கு நீ மாமியார் என்று பெயர் வைத்திருந்ததை மறந்தே போயிருந்தேன். 'மாமியாரை நிறுத்து, ஐந்து நொடி காத்திரு, மறுபடி மாமியார்.' தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி, திருத்தி, திருத்தியதைத் திருத்தி அனுப்பினேன். யாரோ ஒருவர் உடனே பதில் போட்டார். இது பழைய பாணி, கண்டபடி சிக்கிக் கிடக்கிறது, அழித்துவிட்டு இதைப் போடுங்கள் என்று ஆயத்தமான ஒரு நிரலையும் கொடுத்திருந்தார். அதைச் சரிபார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. சுத்தமான நிரல். உன்னுடையதில் பாதிதான் நீளம். போட்டிருந்தால் அன்றைக்கே தோட்டம் சூடாகியிருக்கும்.

போட முடியவில்லை அக்கா. உன் புடவைகளைக்கூடக் கருமக்கிரியை அன்று மாலையிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டேன். பித்தளைச் சாமான் போனது. ஆனால் நீ ஒரு சொல்லுக்குப் பிறகு இன்னொரு சொல்லாக யோசித்து எழுதிய பொருள் இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதன் மேல் இன்னொருவர் எழுதியதை ஒட்டினால் உன்னுடையது போய்விடும். வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். ஓடாத நிரல் வெறும் எழுத்துத்தானே?

அதனால் உன்னுடையதையே திருத்துவது என்று முடிவு செய்தேன். வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றேன். 'கை' என்று ஒரு கருவி. அதன் மதிப்பு பூச்சியமாக இருக்கும்வரை முன்னே போகாமல் திரும்பி வா என்று ஒரு வரி. இந்த வரியை நான் முன்பு பார்த்ததே இல்லை. நான் சரிபார்த்துக் கொடுத்த பிறகு நீ சேர்த்திருக்கிறாய். கை என்ற பெயரில் ஒரு கருவியை இயந்திர அறை முழுக்கத் தேடினேன். இல்லை. அப்டேட்டில் அது அழிந்திருக்கும், இல்லாத கருவி எப்போதும் பூச்சியம்தான் சொல்லும், அதனால்தான் நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று முடிவு கட்டினேன். தரையில் இல்லாத கோடு.

இந்த வயதுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்த பழக்கம் அது. அடித்துவிட்டேன். அந்த வரியின் முன்னால் ஒரு குறி போட்டு நிரலின் கண்ணுக்கு மறைத்தேன்.

ஹீட்டர் எரிந்தது. செல்வம் கைப்பேசியில் கைதட்டினார். எனக்கு ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வரலாம் என்று தைரியமாக எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. சூடு ஏறி ஏறி, நிற்காமல் ஏறி, கண்ணாடிக் கூரை வெடித்துவிட்டது. நெல் போய்விட்டது, மிச்சத் தக்காளியும் போய்விட்டது. கதவோரச் சிற்றறையில் தனியாக இருந்த இரண்டு பூசணிக்கொடி மட்டும் தப்பியது. அந்தச் சிற்றறைக்கும் சூடு அதே ஹீட்டரிலிருந்துதான். நான் பதறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டதால் அதுவும் குளிரத் தொடங்கியது. அந்தக் கொடி பட்டுப்போனால் மறுபடி போட விதை கிடையாது.

பழைய சேமிப்பைத் திறந்து வெடிப்பதற்கு முந்தைய நிலைக்குப் போயிருக்கலாம். நீ அதற்கு ஒருபோதும் சம்மதித்ததில்லை. "லைன்ல நேத்து திரும்பி வராதுடா" என்பாய். நீ இல்லை என்பதற்காக உன் விதியை மீற எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை நம் ஊர் அன்னாசி, இரண்டு நனாஸ் வாங்கிக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போனேன். பொந்தியானிலிருந்து பழம் கொண்டுபோகாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி? பஸ்ஸில் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். ஒன்றும் பயன்படவில்லை.

செல்வம் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அங்கிள்! வெடிச்சப்ப சவுண்டு எப்படி இருந்துச்சு? நான் அப்பப் பாத்து உள்ள இல்லையே, மிஸ் பண்ணிட்டேன்."

"தம்பி, நான் ஒரு வரிய..."

"அட விடுங்க அங்கிள். நான் லாரிக்கு முன்னால பிரேக் புடிச்சவன். எனக்கு நீங்க வரி கணக்கு சொல்றீங்களா?"

அவர் மனைவி மாலா நனாஸை வாங்கிக்கொண்டே, "அங்கிள் ஒருத்தர்தான் கேமுல குத்தம் பண்ணிட்டு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்குறாரு. எங்க வீட்டுல நெசமாவே குத்தம் பண்ணிட்டுக் கேக்க மாட்டாங்க" என்றார்.

"பாத்தீங்களா அங்கிள், நீங்க வந்து என்னைய மாட்டி விட்டுட்டீங்க."

சிரித்தோம். ஆனால் அவருடைய மேசைக் கணினி அணைந்து கிடந்ததையும், சக்கர நாற்காலியின் மேல் துவைத்த துணி அடுக்கியிருந்ததையும் நான் பார்த்தேன். கிளம்பும்போது மாலா வெளிக்கேட் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் அவரு காலையில கட்டில விட்டு எறங்குவாரு அங்கிள். நாக்காலியில உக்காந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் எவ்ளோ சொல்லியும் கேக்காத மனுசன். செடிக்காகத்தான் எறங்குனாரு. இப்ப ஒரு வாரமா எறங்கல."

உள்ளேயிருந்து செல்வத்தின் குரல் வந்தது. "மாலா, அங்கிள்கிட்ட என்ன கம்ப்ளெய்ண்ட்டு?" பிறகு என்னிடம், "அங்கிள்! அந்த ரெடிமேட் ஸ்கிரிப்ட்டே போட்டுடுங்க. அக்காவுது போயிடுமேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பூசணி ஞாயித்துக்கெழமைக்கு மேல தாங்காது."

ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி கிடைக்காவிட்டால் போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது உன்னை இரண்டாம் முறை எடுத்துப்போய்க் கொள்ளி வைப்பதற்கு நாள் குறித்துவிட்டு வருவது மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காக் ரொஹானி வந்தார். உன்னோடு அதே லைனில் வேலை பார்த்தவர். செடெனாக் தோட்டப்புறத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்த மலாய்க்காரப் பெண்மணி; காக் என்றால் மலாயில் அக்கா. தமிழ் பேச ஆரம்பித்தால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நாலு பேசிவிடுவார். மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கையில் ஒரு டப்பா நிறைய கூவே. உனக்குப் பிடித்த பச்சைப் பலகாரம், நடுவில் சர்க்கரைப் பாகு வைத்தது. பழக்கத்தில் உன் பங்கையும் சேர்த்துச் செய்துவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு குணா? சாப்புடுறியா இல்லியா?"

சொன்னேன். செல்வம், பூசணி, வெடிப்பு, எல்லாவற்றையும். அவருக்கு விளையாட்டு தெரியாது. இருந்தாலும் உன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். 'மாமியார்' கண்ணில் பட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது என்ன, கை? யாரு கை?"

"அது ஒரு கருவி காக். இல்லாத கருவி. அது ஒன்னுன்னு சொல்ற வரைக்கும் நிரல் நகராது. அதனாலதான் அந்த வரிய எடுத்தேன்."

"சரி, ஒன்னுன்னு சொல்லிட்டா அடுத்து என்ன செய்யும்?"

"ஹீட்டர முழுச் சூட்டுல கொஞ்ச நேரம் ஓட்டும். சூடு எவ்வளவுன்னுகூடப் பாக்காது. அப்புறந்தான் சாதாரண ஓட்டம். கைய மறுபடி பூச்சியமாக்கி வச்சிட்டு, கொஞ்ச நாள் எண்ணும். எண்ணி முடிச்சா மறுபடி கைக்குக் காத்திருக்கும். கை ஒன்னாகாம எண்ணவே ஆரம்பிக்காது, நான் வரிய எடுத்துட்டதால நிக்காம அந்த முழுச் சூட்டுக்குள்ளயே போய்ப் போய் விழுந்திருக்கு. ஏன் பரமு அக்கா சூட்டப் பாக்காம ஓட்டுற மாதிரி எழுதினான்னுதான் புரியல. அவ அப்படி எழுத மாட்டா."

காக் ரொஹானி திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அலமாக், குணா! இது எங்க ஓவன்லா!"

பிறகு அவர் சொன்னதை நீ சொல்லியே கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. உங்கள் லைனின் கடைசியில் ஈயம் உருக்கி ஒட்டவைக்கும் நீண்ட அடுப்பு ஒன்று இருந்ததாம். காலை ஷிஃப்ட் அவர், மத்தியான ஷிஃப்ட் நீ. ஆள் மாறும்போது அடுப்பு நிற்கும். போகிறவர் எது எது கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொல்லி முடித்து "குடுத்துட்டேன்" என்பார். வருகிறவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, பச்சைப் பொத்தானில் கையை வைத்து "எடுத்துக்கிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லி அமுக்க வேண்டும். அப்போதுதான் அடுப்பு முழுச் சூட்டில் எழும்பும். உள்ளே ஆள் வந்துவிட்டார் என்ற தைரியத்தில்தான் அந்தச் சூடு. யாரும் அமுக்காவிட்டால் மிஷின் எழும்பாது.

"அமுக்குற வரைக்கும் மொத ஆளு வீட்டுக்குப் போவ முடியாது" என்றார். "ஒரு தடவ கூலாய்ல வெள்ளம். உங்க அக்கா பஸ்ஸு வரல. பசியோட நின்னுட்டே இருந்தேன். முட்டிவரைக்கும் சேறோட ஓடி வந்தா பாரு. வந்தொடனே பொத்தான அமுக்கிட்டுத்தான் செருப்பத் தேடுனா."

"அப்ப இந்த கை..."

"பொத்தான்தான். எங்க இருக்குன்னு கேளு. எங்க பொத்தான் ஓவன்கிட்ட இருக்காது. உள்ள நொழையிற எடத்துல, சட்ட மாட்டுற கம்பிக்குப் பக்கத்துல இருக்கும். உள்ள வர்றவங்க அதத் தாண்டி வர முடியாது."

விளையாட்டில் நாம் விண்வெளி உடையைக் கழற்றி மாட்டும் முன்னறைக்குப் போனேன். உடைகளுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொத்தான். எத்தனை தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். விளக்குப் போடுவது என்று நினைத்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தபோது பெயர் வந்தது. கை. அதிலிருந்து கம்பி சுவருக்குள் நுழைந்து இயந்திர அறைக்குப் போகிறது. நான் இயந்திர அறைச் சுவரோடு தேடலை நிறுத்தியிருக்கிறேன்.

ஆக, எதுவும் கெட்டிருக்கவில்லை. அப்டேட்டின்மேலும் குற்றமில்லை. நீ உள்ளே வரும்போதெல்லாம் அதை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாய், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நீ போன பிறகும் கடைசியாக நீ அமுக்கியதை வைத்துக்கொண்டு அது ஓடியது. எண்ணி முடித்ததும் வழக்கம்போல நின்று காத்திருந்தது.

எப்போது சேர்த்தாய் அக்கா? ஆஸ்பத்திரி அறிக்கை வந்த பிறகா? அந்த வாரம் நீ கணினி முன்னால் வெகுநேரம் இருந்தாய். படுத்துக்கொள்ளேன் என்றதற்கு, "சும்மா இரு, ஒரு வேல பாக்கி" என்றாய். ஆளில்லாத வீட்டில் மிஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தாயா? எங்களில் யாராவது வந்து கை வைக்க வேண்டும் என்று நினைத்தாயா? வீட்டுக்குத் திரும்பியதும் எனக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தாயா? நீ திரும்பவில்லை. நான் சரிபார்த்துச் சொல்ல முடியாத கேள்விகள் இவை.

காக் ரொஹானி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க அக்கா இன்னும் வீட்டுக்குப் போவல குணா. அங்கேயே நின்னுட்டு இருக்கா."

பூசணி காத்திருந்தது. நான் சுட்டியைப் பிடித்தேன், விட்டேன். "நீங்க அமுக்குங்க காக். நீங்கதான் அவளோட ஷிஃப்ட் பாத்தவங்க" என்றேன்.

"எனக்கு வராது. நான் அவளுக்குக் குடுத்தவ. அவ யாருக்குக் குடுக்கணும்? அடுத்த ஆளு நீதான்."

"எனக்கு இதெல்லாம் சரியா வருமான்னு..."

"உங்க அக்கா மொத நாளு லீடர் ஆனப்ப என்ன சொன்னா தெரியுமா? இதே டயலாக். பரம்பரையா வச்சிருக்கீங்களா?"

அவர் சொன்னார், போகிறவர் குறைகளைச் சொன்ன பிறகுதான் வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் முறை. நீ சொல்ல முடியாது. "உனக்குத்தான் தெரியுமே, அவளுக்காக நீயே சொல்லு" என்றார். செல்வத்தை முதலில் கைப்பேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "அங்கிள், கொஞ்சம் இருங்க. நானும் உள்ள வர்றேன்" என்றார். மாலாவைக் கூப்பிடுவதும், துணியை எடுப்பதும், சக்கர நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன.

மறைத்த வரியை முதலில் மீட்டேன். வெடித்த கூரைப் பக்கத்துக் கதவு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு விளையாட்டில் செல்வத்தின் ஆளும் என் ஆளும் அந்த முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நான் சொல்ல ஆரம்பித்தேன். மேற்குக் குழாயில் கசிவு. வெளிக்கதவு தயங்குகிறது. மின்கலம் ஒன்று நிரம்புவதில்லை. மாமியார் எப்போதும்போல. தோட்டத்துக் கூரை இல்லை, அது என் கையால் போனது. பூசணி இரண்டு கொடி, உயிரோடு.

சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது, நான் தேடிக் கண்ட குறைகளெல்லாம் நீ எனக்கு ஒப்படைக்க வேண்டியவைதான் என்று.

"குடுத்துட்டேன்னு அவளுக்காக நான் சொல்றேன்" என்றார் காக் ரொஹானி. "குடுத்துட்டேன்."

நான் சொன்னேன். என் குரல் உனக்குத் தெரியும்.

"கேக்கல! அங்க மிஷின் சத்தம் என்னமா இருக்கும் தெரியுமா? கத்து!"

"எடுத்துக்கிட்டேன்!" என்று கத்தினேன் அக்கா. நான். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. செல்வம் கைப்பேசியில் "ஊய்!" என்று சத்தம் போட்டார். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. ஹீட்டர் எழும்பிற்று. மூன்று பேரும் சூட்டின் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முழுச் சூடு முடிந்து, உன் நிரல் தானாகச் சாதாரண ஓட்டத்துக்கு இறங்கியது. மாமியார் முனக ஆரம்பித்தது.

பூசணி பிழைத்துக்கொண்டது. ஒரு கொடியில் இலையோரம் மட்டும் கருகல். கூரைக்குக் கண்ணாடி உருக்குகிறோம், மெதுவாகத்தான் நடக்கிறது. செல்வம் காலையில் எனக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிடுகிறார். பொத்தானை அமுக்க எங்களுக்குள் போட்டி. காக் ரொஹானி கைப்பேசியில் நாங்கள் கத்துகிறோமா என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். நிரலின் தலைப்பில், மிஷின் படிக்காத அந்த வரியில், 'பரமு எழுதினது' என்று நீ போட்டிருந்தாய் அல்லவா? அதன் கீழே ஒரு வரி நானாக எழுதினேன். 'குணா எடுத்துக்கிட்டான்.' நான் சொந்தமாக எழுதிய முதல் வரி அது. வேறு யாரும் சரிபார்க்கவில்லை.

கசிவை அடைப்பேன். கதவைப் பார்ப்பேன். புரியாத வரி வந்தால், அடிப்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்ப்பேன். உள்ளே வரும் ஒவ்வொரு நாளும் பொத்தானில் கை வைத்து, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சொல்வேன். எனக்கு முடியாத நாள் வந்தால் செல்வத்திடம் எல்லாக் குறையையும் சொல்லி, அவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் நகர்வேன். இது வாக்கு.

நீ அங்கே நின்றது போதும் அக்கா. செருப்பை மாட்டிக்கொள். ஃபேக்டரி பஸ் வந்து நிற்கிறது. வீட்டுக்குப் போ.

உன் ஷிஃப்டை எடுத்துக்கொண்ட தம்பி,
குணசேகரன்
பொந்தியான்